முறம் ஒன்று, ஏழு ராத்தல்

எழுதிப் பழக்கம் இல்லை. மூன்றாம் வகுப்பு வரை போனேன். குப்பை வண்டியோடு வருகிற பெண்கள் விடவில்லை. "தாத்தா, இந்த ஊர்ல இந்த வேலைக்கு மொத ஆளு நீங்கதானாமே, எழுதிக் குடுங்க, ட்ரெய்னிங்ல படிக்கணும்" என்று நோட்டும் பேனாவும் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் நோட்டு சும்மா கிடந்தது. இன்று மழை. எழுதுகிறேன்.

ஊர்ப் பேர் வேண்டாம். ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சேலம் ஜில்லா. ஊரில் பாதி கன்னடம், கால்வாசி தெலுங்கு, மிச்சம் நாங்கள். சண்டை என்று வந்தால் எல்லோரும் மூன்றையும் பேசுவோம்.

ஐம்பதுகளில் நடந்தது. வருஷம் நினைவில்லை. ஊரில் சேரும் வீட்டுக் கழிவையெல்லாம் எருவாக்கி வயலுக்குக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் மூங்கில் தட்டி கட்டி, உள்ளே எட்டுக் குழிக்கு இடம் விட்டார்கள். ஆள் எடுத்தார்கள். என்னைப் பெங்களூருக்குப் பக்கத்தில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குழி வெட்டு என்றார்கள், வெட்டினேன். மூடு என்றார்கள், மூடினேன். மறுபடி தோண்டு என்றார்கள். பத்து நாள் முடிந்தது. மேஸ்திரி ஆகிவிட்டேன்.

எங்களுக்கு மேலே ஒரு இன்ஸ்பெக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, கறுப்புக் குடை. மழைக்கும் அந்தக் குடைதான், வெயிலுக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான். சிரித்துப் பார்த்ததில்லை. கத்தியும் பார்த்ததில்லை.

முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"இந்த வேலிக்குள்ள குப்பைன்னு ஒரு சொல்லு கிடையாது. உள்ள வாரது மூலப்பொருள். வெளிய போறது உரம். நடுவுல கிடக்கது மக்கிக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான். குப்பைன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க."

பிறகு நோட்டை விரித்துப் பேர் கேட்டார்.

"குப்பன்" என்றேன்.

"வேற பேரு?"

"இல்லீங்க."

பக்கத்தில் இருந்தவன் "குப்புசாமி" என்றான். அதற்கடுத்தவள் "குப்பம்மா" என்றாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். நாங்கள் கேலி செய்கிறோம் என்று நினைத்தார். நாலாவது ஆள் தெலுங்கு, பெண்டய்யா. ஐந்தாவது ஆள் கன்னடம், திப்பய்யா. முகம் தெளிந்து அந்த இரண்டு பேரையும் நிறுத்தி அழகாக எழுதினார். அதுவும் அதே பேர்தான், பாஷைதான் வேறு என்று ஒரு வாரம் கழித்து யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து பிறந்து செத்தால், அடுத்து வரும் பிள்ளையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள். அந்தக் குப்பைக்குச் சொந்தக்காரர், "இது குப்பை, எனக்கு வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போ" என்று மூன்று தடவை சொல்லவேண்டும். ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போவார்கள். குப்பையைத் தேடி எமன் வரமாட்டான் என்று எண்ணம். அப்புறம் அந்தப் பேரே நிலைத்துவிடும். எனக்கு முன்னால் நாலு பேர் போய்விட்டார்கள். என்னைச் சிங்காரப்பேட்டைச் சந்தைக்குப் பின்னால் போட்டு எடுத்தார்களாம். இது பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டார். மற்றவர்களை இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று கூப்பிட்டார்.

வேலையைச் சொல்கிறேன். குழி மூன்று அடி ஆழம். அதற்குக் கீழே போனால் அடியில் இருப்பது மூச்சு முட்டி அழுகிவிடும். அழுகுவது வேறு, மக்குவது வேறு. ஒரு சாண் உயரத்துக்கு வீட்டுக் கழிவு. காய்த்தோல், எச்சில் இலை, களி ஒட்டின பானை கழுவின மண்டி, எல்லாம். அதன் மேல் சாணிக் கரைசல். அதன் மேல் நாலு விரல் மண். மறுபடி ஒரு சாண். கையில் எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கு நனையவேண்டும், சொட்டக்கூடாது. மூன்றாம் நாள் சூடு ஏறும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புரட்டவேண்டும். ஆறு மாதம் ஆகும்.

முதல் வருஷம் நாங்கள் சூட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. கெலவரப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் இரண்டு வண்டி உரம் ஏற்றிப்போய் ராகிக் கொல்லைக்குப் போட்டார். இரண்டு மாதம் கழித்து நேரே வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் ராகிக்குக் கேட்டேன். நீங்க பூசணிக்குக் குடுத்துட்டீங்க."

போய்ப் பார்த்தோம். ராகி தெரியவில்லை. கொல்லை முழுக்கப் பூசணிக்கொடி, நடுநடுவே தக்காளி. ஊர்ச் சமையல்கட்டில் வெட்டிப்போட்ட விதையெல்லாம் சாகாமல் அங்கே போய் முளைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றி வெகுநேரம் பார்த்தார். "விதை சாகலை, மேஸ்திரி" என்றார். விவசாயி எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பூசணிக்காய் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டோம். தோல் மறுபடி குழிக்கு வந்தது.

அன்றிலிருந்து கம்பி. நாலு முழ இரும்புக் கம்பியைக் குழியில் குத்தி, நூறு எண்ணி உருவவேண்டும். உள்ளங்கை தாங்காத சூடு இருந்தால் குழி சரியாக நடக்கிறது. இன்ஸ்பெக்டர் மட்டும் கையில் பிடிக்கமாட்டார், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உரம் ஆகிவிட்டதா என்பதற்கு மூன்று சோதனை வைத்தார். சூடு இருக்கக்கூடாது. நாற்றம் இருக்கக்கூடாது. போட்ட பொருள் இன்னதென்று தெரியக்கூடாது. மூன்றும் தேறாமல் ஒரு பிடி வெளியே போகாது.

அப்புறம் பதிவேடு. வருவது எதுவானாலும் வாசலில் தராசில் தூக்கி, எந்தத் தெரு, எத்தனை கூடை, எத்தனை ராத்தல், எந்தக் குழி என்று நான் எழுதவேண்டும். எழுதினால் எழுதினதுதான். அடித்தல் திருத்தல் கூடாது. மாதக் கடைசியில் பதிவேடு சேலம் போகும்.

ஊர் ஜனங்களுக்குச் சொல்ல இன்ஸ்பெக்டரே தண்டோரா எழுதிக் கொடுத்தார். "பொதுமக்கள் தத்தம் இல்லத்துக் கழிவுப்பொருள்களை" என்று தொடங்கும். தமுக்கு அடிக்கிறவர் முதல் நாள் அப்படியே சொன்னார். யாரும் வரவில்லை. ஏதோ கல்யாணச் சேதி என்று இரண்டு பேர் நாள் கேட்டார்களாம். இரண்டாம் நாள் அவரே சுருக்கிக்கொண்டார். "மக்கள் குப்பை எல்லாம் சர்க்கார் குழிக்கு! மக்கள் குப்பை எல்லாம் சர்க்கார் குழிக்கு!" மூன்று தெருவுக்கு ஒரு தடவை தமுக்கு. ஜனங்கள் வந்தார்கள். இரண்டே மாதத்தில் ஊருக்குள் ஒரு குப்பைமேடு இல்லை. சந்தைக்குப் பின்னால், சாவடிக்குப் பின்னால், எல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டோம். இன்ஸ்பெக்டர் குடையை விரித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பார்த்துவிட்டு வந்தார். அதுதான் அவர் சந்தோஷப்படுகிற விதம்.

இனிமேல்தான் விஷயம்.

அவரைக்காய்க் காலம். எங்கள் பக்கம் அவரைக்கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கித் தோலை எடுத்துவிட்டுக் குழம்பு வைப்பார்கள். தை வரைக்கும் வேறு குழம்பு கிடையாது. வீட்டுக்கு வீடு தோல். எங்கள் தள்ளுவண்டிக்குச் சக்கரம் உடைந்து கிடந்ததால் பெண்களே கூடையோடு வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். நாலாம் குழி நிரம்பிக்கொண்டிருந்தது.

வரிசையில் நஞ்சம்மா வந்தாள். கோட்டைத் தெருக்காரி. வண்டிக்கார பசப்பனுக்கு அக்கா. கன்னடம். தமிழும் பேசுவாள், அவள் இஷ்டத்துக்கு. முறம் ஒன்றை நீட்டினாள். மேலே வாழையிலை, இலைமேல் நாலு அவரைத்தோல். தராசில் வைத்தேன். கோட்டைத் தெரு, முறம் ஒன்று, ஏழு ராத்தல், குழி எண் நாலு என்று எழுதினேன்.

எழுதி முடித்ததும் முறம் தும்மியது.

இலையை எடுத்தேன். பிள்ளை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"என்னம்மா இது?"

"கூசு, அண்ணா. பொண்ணு கூசு. ஒம்பது நாளு."

"இங்க எதுக்கு?"

"நீங்கதானே தமுக்கு போட்டீங்க? மக்களு குப்பெ சர்க்காரு குழியில்னு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். குப்பெ என்றால் குப்பைமேடு. இந்த மாதிரிப் பிள்ளைகளைப் போட்டு எடுப்பதற்கென்றே சர்க்கார் தனியாக ஒரு குப்பைமேடு திறந்திருக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"சர்க்காருக்கு இப்பதான் புத்தி வந்துச்சி" என்றாள்.

"அது இல்லம்மா. இது எரு போடற எடம். வேற எங்கியாச்சும்..."

"எங்க? காட்டு. ஊர்ல ஒரு குப்பெ விட்டு வெச்சீங்களா? எல்லாத்தையும் நீங்கதான் வாரிக்கினு வந்துட்டீங்க."

வேலிக்கு வெளியே புங்கமரத்தடியில் பெற்றவள் நின்றிருந்தாள். கௌரம்மா, பசப்பன் பெண்டாட்டி. போடும்போது தாய் பார்க்கக்கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மூணு போயிட்ச்சி அண்ணா" என்றாள் நஞ்சம்மா, மெதுவாக. "ஒண்ணு பன்னெண்டாம் நாளு. ஒண்ணு ஒரு மாசம். ஒண்ணுக்குப் பேரே வெக்கல."

அந்த முதுகைப் பார்த்தேன். கம்பியை எடுத்தேன்.

நல்ல இடமாகக் கொடுக்கலாம் என்று முதலில் ஒன்றாம் குழிக்குக் கூட்டிப்போனேன். ஆறு மாதம் முடிந்த குழி. கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். நஞ்சம்மா ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துவிட்டு வீசினாள்.

"இது மொத மழை வாசனை வருது. எமனு ஏமாறுவானா? நாத்தம் வேணும் அண்ணா."

நாலாம் குழிக்கு வந்தோம். நடுவில் குத்தி உருவினேன். கம்பி சுட்டது. கிழக்கோரம் குத்தினேன். வெதுவெதுப்பு. தெற்கு மூலையில் அன்று காலை போட்ட தோல் மட்டும். கம்பி குளிர்ந்து வந்தது. நேற்றைய சோற்றுமண்டி பக்கத்தில் இருந்ததால் அவள் கேட்ட நாற்றமும் இருந்தது. இலையை மடித்துப்போட்டு முறத்தை வைத்தேன்.

"சொல்லண்ணா" என்றாள்.

"நான் சொந்தக்காரன் இல்லம்மா. இன்ஸ்பெக்டர்தான் சொல்லணும்."

"அப்ப அவுரு வரட்டும். அது வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சொல்லாம எடுத்தா திருடின மாதிரி. செல்லாது."

காத்திருந்தோம். குப்பம்மா பாக்குமட்டையால் ஈ ஓட்டினாள். வரிசையில் இருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலிக்கு உள்ளே வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குக் குடை வந்தது.

"மேஸ்திரி. குழிக்குள்ள என்னது?"

"வரவுங்க."

பதிவேட்டை வாங்கிப் படித்தார். "ஏழு ராத்தல். முறத்தோடயா?"

"முறத்தோடங்க."

"முறத்தைக் கழிச்சிருக்கணும்" என்றார். அப்புறம்தான் குழியை நன்றாகப் பார்த்தார். "தூக்குங்க அதை!"

யாரும் அசையவில்லை.

"நீ சொல்லணும் சாமி" என்றாள் நஞ்சம்மா. "இது குப்பை, எனக்கு வேண்டாம், எடுத்துக்கினு போ. மூணு தபா."

"அந்தச் சொல்லு இங்க கிடையாது."

"ஒரு பேச்சுதானே?"

"ஒரு பேச்சுதான். அழுகின கத்திரிக்காயையே நான் அப்பிடிச் சொல்லவிடலை. பச்சைப் பிள்ளையப் பாத்துச் சொல்லச் சொல்லுத. சொல்லமாட்டேன்."

"அப்ப பிள்ளை இங்கியே கெடக்கட்டும்."

வெயில் ஏறியது. இன்ஸ்பெக்டர் போய்க் குடையைப் பிள்ளைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலையில் வெயில்.

"உரம்னு சொல்லுதேன். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

"உரம்னா மண்ணுல பொதைப்பாங்க. அந்தப் பேச்சு வேண்டாம்."

அவருக்கே மனசு ஒப்பவில்லை. சோதிக்காமல் எதையும் உரம் என்று சொன்னவர் இல்லை. குனிந்து புறங்கையைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தார்.

"சூடு இருக்கு."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை ஒரு காரியம் செய்தது. "நாத்தமும் இருக்கு" என்றார்.

ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அய்ய, அப்படியே பசப்பன் மூக்குடி!" என்றாள்.

"இன்னதுன்னும் தெரியுது" என்றார். மூன்றிலும் தவறிவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பம் இது மூலப்பொருள். பதிவாயாச்சு. மூலப்பொருளை ஆறு மாசத்துக்கு முன்னால வெளிய விட வழி கிடையாது."

"ஆறு மாசம் பாலு யாரு குடுப்பா, நீயா சாமி?" என்று ஒருத்தி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் விளையாடவும் இல்லை. வழி தெரியாமல் நின்றார்.

பிள்ளை அழ ஆரம்பித்தது. புங்கமரத்தடியில் அந்த முதுகு குலுங்கியது. திரும்பவில்லை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

"கடேசிக் கட்டம் ஒண்ணு இருக்குதுங்க."

பதிவேட்டில் கடைசிக் கட்டம். கூடைகளில் பீங்கான் ஓடு, கண்ணாடி, ஆணி, மாட்டு லாடம் இதெல்லாம் கலந்து வரும். பொறுக்கி எடுத்து வெளியே போடுவோம். அதற்குச் சோதனை கிடையாது, ஆறு மாதமும் கிடையாது. இன்ஸ்பெக்டர் கையெழுத்து போதும். கட்டத்துக்கு மேலே மக்காத பொருள் என்று போட்டிருக்கும்.

என்னைப் பார்த்தார். நஞ்சம்மாவைப் பார்த்தார். குடையை என் கையில் கொடுத்தார். அதை அவர் யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. பேனாவைத் திறந்து, மக்காத பொருள், ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பெரிய அதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்று சொன்னார்.

"இது மக்காத பொருள். எடுத்துக்கிட்டுப் போங்க."

நஞ்சம்மா என்னிடம் திரும்பினாள். "அப்டின்னா?"

"மண்ணுல போட்டாலும் மண்ணாகாதும்மா. எத்தினி வருசம் ஆனாலும்."

கௌரம்மா திரும்பிவிட்டாள். பார்க்கக்கூடாது, பார்த்துவிட்டாள். ரவிக்கையெல்லாம் பால் நனைந்திருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

"இது மக்காத பொருள். எடுத்துக்கிட்டுப் போங்க."

மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

நஞ்சம்மா மடியிலிருந்து ஒரு படி தவிட்டைக் குழி ஓரத்தில் கொட்டிவிட்டு முறத்தைத் தூக்கினாள். "மேஸ்திரி, தவிடு வரவு எழுதிக்கிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். எழுதினேன். தவிடு மக்கும்.

அவள் அப்படியும் போகவில்லை. எழுத்தில் வேண்டும் என்றாள். வெளியே போகிற சரக்குக்குக் கொடுக்கிற சீட்டில், மக்காத பொருள் ஒன்று வெளியே அனுப்பப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சுருட்டித் தாயத்தில் வைத்துப் பிள்ளைக்குக் கட்டினார்கள்.

பதிவேடு சேலம் போனது. அங்கிருந்து கேள்வி வந்தது. கோட்டைத் தெருவிலிருந்து வந்த ஏழு ராத்தல் மக்காத பொருள் என்ன வகை? கண்ணாடியா, இரும்பா?

இன்ஸ்பெக்டர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். இரும்பு என்று எழுதி அனுப்பினார்.

முன்னால் போன மூன்று பிள்ளைகளின் கணக்கை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் அவர் கோட்டைத் தெரு வழியாக நடந்தார். பிள்ளை இருந்தது. முப்பதாம் நாளும் நடந்தார். தெருச் சுத்தம் பார்க்க என்று சொன்னார். ஒவ்வொரு மாதமும் அந்தத் தெரு மட்டும் இரண்டு தடவை சுத்தம் பார்க்கப்பட்டது.

அவருக்கு மாற்றல் வந்தபோது பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் ஏறிவிட்டு இறங்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். வேலிக்குள் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டார் போல. "குப்பா, வாரேன்" என்றார்.

அதற்கப்புறம் முப்பது வருஷம் அதே வேலைதான். எழுத ஒன்றும் இல்லை. குழி, மண், கம்பி. நடுவில் சில வருஷம் குழியை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஏரிப்பக்கம் மலையாகக் கொட்டினார்கள். இப்போது மறுபடி மக்கவைக்கவேண்டும் என்கிறார்கள். நல்லது. மூன்று அடிக்குமேல் தோண்டாதீர்கள்.

அந்தப் பிள்ளைக்குக் குப்பம்மா என்று பேர் வைக்க வழியில்லை, அந்தச் சொல்லை இன்ஸ்பெக்டர் சொல்லவில்லையே. சொன்ன சொல்லை வைத்து மக்காதம்மா என்று நஞ்சம்மா கூப்பிட்டாள். அது தேய்ந்து மக்கம்மா ஆனது. ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள்.

போன வருஷம் வீட்டுக்கு இரண்டு கூடை கொடுத்தார்கள். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை என்று எழுத்து. மக்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"மாமா, இதுல எது என்னுது?"

நீலத்தைக் காட்டினேன்.